பச்சை மட்டும் உண்மை சொன்னது

"கான்ஜாயிண்ட்டுன்னா என்ன அண்ணி? கூட்டுக் குடும்பமா?"

கேட்டவன் கொழுந்தன். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டான். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் அவனுடைய அண்ணி, தனியார் துப்பறிவாளர். அவளுடைய விசிட்டிங் கார்டில் 'உதவியாளர் உடன் வருவார்' என்று கடைசியாக ஒரு வரி இருக்கும். அது இவன் அடம்பிடித்துச் சேர்த்த வரி. இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவன், வாயால் வேலைக்குச் சேர்ந்து வாயாலேயே வேலையை இழந்து, இப்போது அதே வாயை அண்ணியிடம் வாடகைக்கு விட்டிருக்கிறான்.

பிரிட்ஜ் கம்பெனியின் கோடவுன் சுவரோரம் நிழல் இருந்தது. வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, வரிசையாகச் சாத்தி வைத்திருந்த ஏதோ ஒன்றின் மேல் ஒய்யாரமாகச் சாய்ந்தான். நிமிர்ந்தபோது தோளெல்லாம் தூசி, காதோரம் சிலந்தி வலை.

"சே! இது கம்பெனியா, மியூசியமா?"

"எது மேல சாஞ்சீங்க தம்பி?"

பிளாஸ்டிக் உறையை விலக்கிப் பார்த்தான். பிரிட்ஜ் கதவு. சிவப்பிலும் சேராத, ஆரஞ்சிலும் சேராத நிறம். அதே நிறத்தில் சுவரின் கடைசிவரை கதவுகள். "யாரோ லிப்ஸ்டிக்கை உருக்கி ஊத்திட்டாங்க அண்ணி. சிலந்தி வேற குடும்பம் நடத்துது."

அண்ணி ஒரு கதவின் மேல் விரலை வைத்து இழுத்தாள். விரல் கறுத்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி பேசாமல் இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மீட்டிங் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் முதலாளியம்மா. அவருக்கு வலப்பக்கம், காற்றில்கூட மடிப்புக் கலையாத சட்டையோடு விற்பனை மேனேஜர். கோடியில், மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பெண். பெட்டிக்குள் காபிக் குவளை, கால்குலேட்டர், சின்னத் தொட்டியில் ஒரு கள்ளிச்செடி. மேசையைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. அவள்தான் கம்பெனியின் சந்தை ஆய்வாளர்.

"சாயங்காலம் போர்டு மீட்டிங்," என்றார் முதலாளியம்மா. "அதுக்குள்ள இந்தப் பொண்ணு எங்களை ஏமாத்துனாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஏமாத்துனான்னா சும்மா அனுப்ப மாட்டேன். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புவேன்."

"வேலை போனா போகட்டும் மேடம்," என்றாள் ஆய்வாளர். குரல் உடைந்தது. "பொய்க் கணக்குக் காட்டினவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் என் எண்ணை நம்பி எனக்கு யாரு வேலை குடுப்பாங்க?"

மேனேஜர் உச்சுக் கொட்டினார். பரிதாபப்படுவதற்கென்றே பயிற்சி எடுத்தவர் போல இருந்தது. "நானே விளக்கிடறேன். புது பிரிட்ஜுக்கு அஞ்சு கலர் யோசிச்சோம். பச்சை, பவளம், பழுப்பு, பளிங்கு, பனி. கவனிச்சீங்களா? எல்லாமே 'ப'! என் ஐடியா. விளம்பரத்துல சும்மா கணீர்னு கேக்கும்."

"பல்லியை மட்டும் ஏன் சார் விட்டீங்க?" என்றான் கொழுந்தன்.

அண்ணியின் முழங்கை அவன் விலாவைச் சந்தித்தது. மேனேஜர் கேட்காத மாதிரி தொடர்ந்தார். "போன வாரம் வரைக்கும் இவங்க ஐநூறு பேருக்கு ரெண்டு ரெண்டு பிரிட்ஜா படம் காட்டி, எது வேணும் எது வேணும்னு கேட்டாங்க. அதுதான் கான்ஜாயிண்ட். அந்தப் பதிலையெல்லாம் ஒரு மென்பொருள்ல போட்டா, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கலர் மேலயும் எவ்வளவு ஆசைன்னு எண் வரும். யுட்டிலிட்டின்னு பேரு. அந்த எண்ணையெல்லாம் சிமுலேட்டர்னு இன்னொரு மென்பொருளுக்குள்ள இம்போர்ட் பண்ணணும்..."

"இம்போர்ட்டுன்னா கஸ்டம்ஸ்ல..."

"தம்பி."

"...பண்ணினா, பிரிட்ஜைச் செய்யறதுக்கு முன்னாடியே எந்தக் கலர் எவ்வளவு விக்கும்னு சொல்லிடும். சிமுலேட்டர் என்ன சொல்லுது? பவளம் முதலிடம். பனி கடைசி. ஆனா இவங்க குடுத்த ரிப்போர்ட்ல? பனி முதலிடம், பவளம் கடைசி! நேர் தலைகீழ். இவங்க டைப் அடிச்ச ரிப்போர்ட்டை நம்பறதா, மெஷின் சொல்றதை நம்பறதா? நம்ம பவளம் சந்தைக்கு வரக்கூடாதுன்னு போட்டிக் கம்பெனிக்காரன் யாரையோ கவனிச்சிருக்கான். அவ்வளவுதான் நான் சொல்லுவேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல."

அந்த அறையில் சந்தேகப்படுவதற்கு வேறு யாருமே இல்லாதபோது குறிப்பிட்டுச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெருந்தன்மை!

"இம்போர்ட்ல தப்பு நடந்திருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"நானும் அதைத்தானே கேட்டேன்!" ஆய்வாளர் நிமிர்ந்தாள். "சிமுலேட்டர் தப்புன்னு நான் சொன்ன அன்னிக்கே இவரு என் பாஸ்வேர்டை மாத்திட்டாரு. உள்ள போய்ப் பாக்கவே விடல."

"மேடம் முன்னாடியே சோதிச்சுக் காட்டினேனே!" மேனேஜர் சுவரிலிருந்த பெரிய திரையைத் தட்டிவிட்டார். "பச்சையை எடுத்துக்கங்க. இவங்க ரிப்போர்ட்ல பச்சைக்கு என்ன எண்ணோ அதேதான் சிமுலேட்டர்லயும். புள்ளிக்கு அப்புறம்கூட மாறல. இம்போர்ட் தப்பா இருந்தா பச்சையும் மாறியிருக்கணும் இல்ல? ஆக, இம்போர்ட் சரி. மத்த நாலை இவங்க ரிப்போர்ட்ல மாத்தி எழுதியிருக்காங்க."

முதலாளியம்மா தலையாட்டினார். அந்தப் பச்சைதான் அவரை ஏற்கெனவே நம்ப வைத்திருந்தது.

"பச்சை பிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கும் சார்," என்றான் கொழுந்தன், பேச்சை வளர்க்க.

"பச்சையா? ஆஸ்பத்திரி சுவர் மாதிரி! எனக்கு அந்தக் கலரைப் பார்த்தாலே அலர்ஜி."

அண்ணி எழுந்தாள். ஆய்வாளரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த ஐநூறு பேர்ல முதல் ஆள் யாரு?"

"என்னோட பல் டாக்டர். முதல்ல தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் பார்ப்போம்னு..."

"அவங்களைப் பார்த்துட்டு வந்துடறோம்."

பல் டாக்டரம்மா வேலையில் இருந்தாள். அவள் முன்னால் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். அவரால் ஆட்சேபிக்க முடியாது என்பதால் விசாரணை அங்கேயே நடந்தது.

"பவளக் கலர் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதா சிமுலேட்டர் சொல்லுது டாக்டர்."

"எனக்கா?" டாக்டரம்மா கையிலிருந்த கருவியை ஆட்டினாள். கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "காலையிலேருந்து ஈறுதான் பாக்குறேன். வீட்டுக்குப் போனா பிரிட்ஜும் ஈறு கலர்ல நிக்கணுமா? அது வந்தப்பெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு ஒதுக்கினேன். பனி கலர்தான் கேட்டேன். வெள்ளையைப் பார்த்தா எனக்கு ஒரு நிம்மதி."

"பச்சை?"

"சுமார். குடுத்தா வாங்கிப்பேன்." அவள் கொழுந்தனை உற்றுப் பார்த்தாள். "நீங்க வாயைத் திறங்க. அந்தக் கடைவாய்ப் பல்..."

"இவர் வாயைத் திறக்கச் சொல்லாதீங்க டாக்டர்," என்றாள் அண்ணி. "மூடறது கஷ்டம். சாயங்காலம் நான் போன் பண்ணினா ஒரு நிமிஷம் பேசுவீங்களா?"

பேசுவதாக டாக்டரம்மா சொன்னாள். கிடந்தவரும் ஏதோ சொன்னார், புரியவில்லை.

வெளியே வந்தால் ஸ்கூட்டர் சத்தியாக்கிரகம் செய்தது. உதைத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். ம்ஹூம். கடைசியில் பித்தான் தேய்ந்த தன் பழைய போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான்.

அண்ணி நடைபாதை விளிம்பில் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். "டாக்டர் சொல்றது ரிப்போர்ட்டோட ஒத்துப்போகுது. அப்ப சிமுலேட்டர்தான் தப்பு. ஆனா சிமுலேட்டர் தப்புன்னா பச்சை ஏன் சரி? நாலு பேர் குடிச்சுட்டு ஆடற இடத்துல ஒருத்தன் மட்டும் எப்படி நேரா நிக்கிறான்?"

"அவனுக்கு ஊத்திக் குடுக்கல போல. அண்ணி, இந்த மெக்கானிக் நம்பரைக் காணோம். 'பளுது'ன்னுதான் போட்டு வெச்சிருந்தேன்."

"பழுது. ழ! அண்ணன் உங்களை எந்த ஸ்கூல்ல சேர்த்துவிட்டாரோ!"

"நாக்கு அவ்வளவுதான் மடங்கும் அண்ணி. ஆனா எழுதினது சரியாத்தான் எழுதினேன், சிறப்பு ழ போட்டு. வரிசையாத் தேடறேன். 'வ'வுக்கு அப்புறம் 'ழ' தானே வரணும்? பவர் ஆபீஸ்காரன் இருக்கான். அவனுக்குக் கீழ பார்த்தா பழுதுக்காரன் இல்ல. லிஸ்ட்டே முடிஞ்சுபோச்சு. ஆளை இந்தப் போன் முழுங்கிடுச்சு... அட! மேல இருக்கான் பாருங்க! பவருக்கு மேல பழுது, அதுக்கு மேல பள்ளிக்கூடம், அதுக்கும் மேல பனியன் கடை. தலைகீழா உட்கார்ந்திருக்கானுங்க. தமிழ் படிக்காத போன்!"

அண்ணி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவள் முகத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு மாற்றம்.

"தம்பி, ய ர ல வ சொல்லுங்க."

"இங்கேயா? ரோட்டுலயா?"

"சொல்லுங்க!"

"ய ர ல வ... ள... சரி, ழ... ள ற ன." பக்கத்தில் போன ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"பச்சை குத்தறவன் யாராவது இருக்கானா உங்க போன்ல?"

"இருக்கான். எல்லாருக்கும் மேல இருக்கான். ஸ்கூல் வரிசைப்படி பார்த்தாலும் அவன்தான் முதல்ல."

அண்ணி சிரித்தாள். அண்ணி சிரித்தால் யாருக்கோ நேரமே முடிந்துவிட்டது என்று அர்த்தம். "மெக்கானிக் வேண்டாம். ஆட்டோ பிடிங்க. போற வழியில ஆய்வாளருக்குப் போன் போட்டு, இம்போர்ட் பண்ணும்போது என்னென்ன கட்டத்துல டிக் இருந்துச்சுன்னு கேக்கணும்."

போர்டு மீட்டிங்குக்கு நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் முன்னால், கையெழுத்துக்குத் தயாராக, பவளக் கதவுகளுக்கான உத்தரவு. ஆய்வாளர் அதே மூலையில், அதே பெட்டியோடு. யாரும் அவளை எழுந்து போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"சார் சொன்னதுதான் சரி போலிருக்கு," என்றாள் அண்ணி, சோர்ந்துபோனவள் மாதிரி உட்கார்ந்து.

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வாளர் முகத்தில் ரத்தமே இல்லை. மேனேஜர் முகத்தில் இருவருக்கும் சேர்த்து இருந்தது.

"ஒரே ஒரு சம்பிரதாயம். இந்த சர்வேயில முதல் ஆளான பல் டாக்டர் லைன்ல இருக்காங்க." போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். "சிமுலேட்டர்ல அவங்களோட எண்கள் திரையில இருக்கு. சார், நீங்களே ஏதாவது ஒரு கலரை எடுங்க. அவங்ககிட்ட கேளுங்க. ஒத்துப்போச்சுன்னா மெஷின் சொல்றது உண்மைன்னு மேடத்துக்கு எழுதிக் குடுத்துட்டு நான் கிளம்பறேன்."

"எந்தக் கலர் வேணும்னாலுமா?"

"உங்க இஷ்டம்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், பச்சை கலர் பிரிட்ஜ் உங்களுக்குப் பிடிச்சதா?"

"சுமார்," என்றது போன்.

திரையிலும் பச்சைக்கு நேரே சுமாரான ஒரு எண்தான். மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்தார். "பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தோம்," என்றாள் அண்ணி. சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை. "சண்டை பவளத்துக்கும் பனிக்கும். பவளம் பிடிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சண்டையே முடிஞ்சிருக்கும். ஆனா நீங்க ரெண்டு தடவையும் பச்சையைத்தான் தொட்டீங்க. பார்த்தாலே அலர்ஜின்னு சொன்ன பச்சையை. ஏன் சார்?"

"ஏதோ... வாய்ல வந்துச்சு."

"இருக்கிற அஞ்சுல இடம் மாறாதது அது ஒண்ணுதான். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளியம்மா நிமிர்ந்தார். "இடம் மாறாததுன்னா?"

"தம்பி, ய ர ல வ."

இந்த முறை கொழுந்தன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ழகரத்தை நாக்கு சுளுக்க உச்சரித்துச் சொன்னான். ஒரு மார்க்கெட்டிங் மீட்டிங்கில் இதுவரை பேசப்பட்டவற்றில் அர்த்தமுள்ள வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இம்போர்ட் பண்ற ஃபைல்ல வெறும் எண்தான் மேடம் இருக்கும்," என்றாள் அண்ணி. "அஞ்சு கலருக்கு மேலிருந்து கீழா அஞ்சு பத்தி, தலைப்பு கிடையாது. பேரைத் தனியா குடுக்கணும். முதல் பேருக்கு முதல் பத்தி, ரெண்டாவது பேருக்கு ரெண்டாவது பத்தி. கணக்குப் போட்ட மென்பொருள் நம்ம ஸ்கூல் வரிசையில அடுக்கியிருக்கு. பச்சை, பவளம், பழுப்பு, பளிங்கு, பனி. சிமுலேட்டர்ல 'பெயர்களை அகரவரிசைப்படுத்து'ன்னு ஒரு டிக் இருக்கு. அதுக்கும் அகரவரிசை தெரியும், ஆனா அது மெஷினோட அகரவரிசை, ஒவ்வொரு எழுத்துக்கும் மெஷின்ல இருக்கிற நம்பர்படி. நம்ம தம்பி போன்ல இருக்கிற மாதிரி. அதுல 'ன' முன்னாடி வந்துடும். அப்புறம் ள, அப்புறம் ழ, கடைசியில வ. அதனால பச்சை, பனி, பளிங்கு, பழுப்பு, பவளம்."

முதலாளியம்மாவின் விரல்கள் மேசையில் எண்ணிக்கொண்டிருந்தன. "பச்சை அப்படியே நிக்குது. மத்த நாலும் தலைகீழ்."

"பனிக்கு விழுந்த ஆசையெல்லாம் பவளத்துக்குப் போயிடுச்சு. ரிப்போர்ட்டை எடுங்க. அதுல பனிக்கு இருக்கிற எண்ணும் திரையில பவளத்துக்கு இருக்கிற எண்ணும் ஒண்ணா இல்லையா பாருங்க. பொய் எழுதறவங்க புதுசா எண் எழுதுவாங்க. இது அதே எண்கள்தான், நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கு."

ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். திரையைப் பார்த்தார்கள். ஒன்றுதான். புள்ளிக்கு அப்புறம்கூட மாறவில்லை.

"எல்லாத்துக்கும் 'ப'னு ஆரம்பிக்கிற பேரா வெச்சதால வந்த வினை," என்றான் கொழுந்தன். "விளம்பரத்துல கணீர்னு கேக்கும்னு சொன்னீங்க சார். இங்கேயே கேக்குது."

"அந்த டிக்கை எடுக்காம விட்டது நான்தான் மேடம்," என்றாள் ஆய்வாளர் மெல்ல. "அது தானாவே போட்டிருந்துச்சு. கவனிச்சிருக்கணும். அது என் தப்பு."

"பார்த்தீங்களா!" மேனேஜருக்கு மூச்சு வந்தது. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க! நான் ஒரு எண்ணைக்கூடத் தொடல மேடம். தானா மாறினது! நான் பார்த்தப்பவே அப்படித்தான்..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை அவரைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"பார்த்தப்பவேன்னா?" என்றார் முதலாளியம்மா. "பார்த்தீங்க. தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டு இவ பாஸ்வேர்டை மாத்தினீங்க. இவளைத் திருடின்னீங்க."

"ஏன்னு கோடவுன் சுவரோரம் போய்ப் பார்த்தா தெரியும்," என்றாள் அண்ணி. "சர்வே போன வாரம் முடிஞ்சதா சொன்னாங்க. உத்தரவுல இன்னும் கையெழுத்தே ஆகல. அங்க பவளக் கதவு வரிசையா நிக்குது, மேல சிலந்தி கூடு கட்டிப் பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஜனங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே சார் கதவைச் செய்யச் சொல்லிட்டாரு. பனி ஜெயிச்சா அந்தக் கதவுக்கெல்லாம் பதில் சொல்லணும். மெஷின் தானா ஒரு தப்புப் பண்ணி இவர் மானத்தைக் காப்பாத்துச்சு. இவர் சும்மா இருந்தாரு. அதுக்கு மேல ஒண்ணும் பண்ணல. ஒரு உண்மையான பச்சையைக் காட்டி, பச்சைப் பொய் சொன்னாரு. அவ்வளவுதான்."

"சாம்பிள்தான் மேடம்... சாம்பிளுக்காக..."

"கோடவுன் நீளத்துக்கா?" முதலாளியம்மா உத்தரவுக் காகிதத்தை நான்காகக் கிழித்தார். கதவைக் காட்டினார். முதன்முறையாக முதுகில் நனைந்துபோன அந்த மடிப்புக் கலையாத சட்டை வெளியேறியது.

"பவளம் பத்தி யாராவது கேப்பீங்களா?" என்றது மேசை மேலிருந்த போன். "இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டே இருக்காரு."

அண்ணி நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

ஆய்வாளர் எழுந்து வந்து, கணினி முன்னால் குனிந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டு ஃபைலை மறுபடி ஏற்றினாள். வரைபடப் பட்டைகள் திரையில் ஒரு குலுக்கு குலுங்கி இடம் மாறின. பனி மேலே வந்து நின்றது. பவளம் தரைக்குப் போயிற்று. பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் முதலாளியம்மா. "போர்டுல எல்லார் முன்னாடியும் சொல்றேன், உன் மேல தப்பில்லன்னு. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

"நாலு வருஷமா உங்களுக்கு எண் குடுக்குறேன் மேடம்." அவள் குரலில் இப்போது உடைசல் இல்லை. "ஒரு கலரைக் காட்டினதும் அதை நம்பினீங்க. என்னை நம்பல. டிக் விட்டது என் தப்பு, அதை நான் சொன்னேன். நாளைக்கு வர்றதா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தலைநிமிர்ந்து போனாள். கொழுந்தனுக்கு நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினான்.

முதலாளியம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருவாளா?"

கணினிக்குப் பக்கத்தில், யாரும் கவனிக்காத நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருந்தது அந்தச் சின்னத் தொட்டி. அதில் கள்ளிச்செடி, முள்ளோடு, பச்சைப்பசேலென்று.

கொழுந்தன் அதைச் சுட்டிக்காட்டினான்.

"வருவாங்க மேடம். இந்த ஆபீஸ்ல பச்சை இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."